அத்தியாயம் 5: வானத்தோடு நகரும் கேமரா

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்க 23 மணி 56 நிமிடம் 4 விநாடி எடுத்துக்கொள்கிறது. அதனால் நட்சத்திரங்கள் விநாடிக்குச் சுமார் 15 விகலை வீதம் மேற்கே நகர்கின்றன. ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை என்பதால் இந்த நகர்வு வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது. கேமராவுக்குப் பிடிபடும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி கேமராவில் 135 மி.மீ. லென்ஸை மாட்டினால் ஒரு பிக்சல் வானத்தில் சுமார் 6 விகலையை அளக்கும். டிரைபாடில் அசையாமல் நிற்கும் கேமராவில் நட்சத்திரம் விநாடிக்கு இரண்டரை பிக்சல் கடந்துவிடும். பத்து விநாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் புள்ளி கோடாகிவிடும். நெபுலாவின் மங்கிய ஓரங்களோ அந்தப் பத்து விநாடியில் பெயருக்குத்தான் பதிந்திருக்கும்.

நட்சத்திரம் புள்ளியாகவே இருக்க வேண்டும், ஒளியும் நிமிடக் கணக்கில் சேர வேண்டும். இரண்டும் நடக்க, பூமி சுழலும் வேகத்திலேயே கேமராவை எதிர்த்திசையில் திருப்பும் கருவி தேவை. அதுதான் டிராக்கிங் மவுண்ட். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: கையில் இருக்கும் கேமராவை மாற்றாதீர்கள்; புதிதாகச் செலவழிக்கும் பணம் மவுண்டுக்கும் அதைத் தாங்கும் டிரைபாடுக்கும் போகட்டும்.

இந்தக் கலையின் தொடக்க காலமும் இதையே சொல்கிறது. அமெரிக்கரான ஹென்றி டிரேப்பர் 1880 செப்டம்பர் 30 அன்று ஓரியன் நெபுலாவை முதன்முதலில் படமெடுத்தார். 11 அங்குலத் தொலைநோக்கியில் 51 நிமிட எக்ஸ்போஷர். 1882 மார்ச்சில் அதே நெபுலாவை 137 நிமிடம் பின்தொடர்ந்தார். முதல் படத்தில் இல்லாத மங்கிய பகுதிகள் அதில் வந்தன. அவர் பார்த்தது அதே வானம்தான். எவ்வளவு நேரம் பிசகாமல் பின்தொடர முடிந்தது என்பதில்தான் வித்தியாசம். எட்வர்ட் பர்னார்ட் லிக் ஆய்வகத்தில் எடுத்த புகழ்பெற்ற பால்வீதிப் படங்கள், ஆட்களைப் படமெடுக்கச் செய்யப்பட்ட ஆறு அங்குல போர்ட்ரெய்ட் லென்ஸில் எடுத்தவை. மணிக்கணக்கில் வழிகாட்டித் தொலைநோக்கியில் கண் வைத்து, நட்சத்திரம் குறுக்குக் கம்பியை விட்டு விலகாதபடி மவுண்டைக் கையாலேயே திருத்திக்கொண்டிருந்தார் அவர். இன்று அந்த வேலையை ஒரு சிறிய மோட்டார் செய்கிறது.

மவுண்டும் லென்ஸும்

தொடக்க நிலையில் இரண்டு வகை மவுண்ட்கள் கிடைக்கும். கேமராவை நேரடியாக மாட்டிக்கொள்ளும் சிறிய ஸ்டார் டிராக்கர் ஒன்று. ஸ்கை-வாட்சரின் ஸ்டார் அட்வென்ச்சரர், ஐஆப்ட்ரானின் ஸ்கைகைடர் ப்ரோ போன்றவை இந்த வகை. இரண்டு அச்சிலும் மோட்டார் உள்ள, தொலைநோக்கியையும் தாங்கும் கனமான ஈக்வடோரியல் மவுண்ட் மற்றொன்று. மேலும் கீழுமாகவும் இடமும் வலமுமாகவும் மட்டுமே நகரும் மவுண்ட் நிமிடக் கணக்கான எக்ஸ்போஷருக்குப் பொருந்தாது. நட்சத்திரத்தை நடுவில் வைத்திருந்தாலும் அதில் படம் சுழன்றுவிடும்.

பையில் போட்டுப் பேருந்தில் கொண்டுபோகத் தோதானது ஸ்டார் டிராக்கர். அதன் எடைத் திறன் 5 கிலோ என்று போட்டிருந்தால் மூன்று கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். சுமை கூடக் கூடப் பல்சக்கரம் தடுமாறும். எதிர் எடையோடு வரும் பட்டையை வாங்கிக்கொள்ளுங்கள். பால் ஹெட்டில் மட்டும் தொங்கும் கனமான லென்ஸ் நள்ளிரவில் மெல்லச் சரியும். மவுண்டின் சாய்வு எவ்வளவு தாழ இறங்கும் என்பதையும் வாங்கும் முன் கடையில் கேளுங்கள். ஐரோப்பாவில் 50 பாகையில் வைப்பதை நாம் 10 பாகையில் வைக்க வேண்டியிருக்கிறது. சில மாடல்கள் அவ்வளவு தாழ்வதில்லை, தாழ்ந்தாலும் எதிர் எடை டிரைபாடின் காலில் இடிக்கும்.

அதற்கும் வசதி இல்லாதவர்கள் ஒரு கீலும் இரண்டு பலகையும் கொண்ட பார்ன்-டோர் டிராக்கரைச் செய்துகொள்ளலாம். கீலின் அச்சிலிருந்து 228.6 மி.மீ. தூரத்தில் 1 மி.மீ. புரியுள்ள போல்ட்டைப் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் பலகை வானத்தின் வேகத்தில் திறக்கும். பக்கத்து லேத் பட்டறையில் ஒரு நாள் வேலை. 50 மி.மீ. லென்ஸுக்கு இது தாராளமாகப் போதும்.

லென்ஸைப் பொறுத்தவரை ஆசையை அடக்க வேண்டும். 600 மி.மீ. லென்ஸும் எட்டு அங்குலத் தொலைநோக்கியும் முதல் ஆண்டுக்கு வேண்டாம். குவிதூரம் கூடும்போது மவுண்டின் ஒவ்வொரு பிழையும் அதே அளவுக்குப் பெரிதாகித் தெரியும். 50 முதல் 135 மி.மீ. வரை உள்ள பிரைம் லென்ஸ்களே நல்ல தொடக்கம். சம்யாங் 135 மி.மீ. எஃப் 2 லென்ஸ் வான்பட ஆர்வலர்களிடையே உலகெங்கும் பெயர் பெற்றது. ஏபிஎஸ்-சி கேமராவில் அது சுமார் 10 பாகைக்கு ஆறரை பாகை வானத்தைப் பிடிக்கும். ஓரியனின் இடைப்பட்டையும் வாளும் ஒரே படத்தில் அடங்கும். கேமரா வாங்கும்போது கூடவே கிடைத்த ஜூம் லென்ஸ் மட்டுமே இருக்கிறதா? அதிலேயே தொடங்குங்கள். எஃப் 5.6-இல் எஃப் 2.8-ஐவிட நாலில் ஒரு பங்கு ஒளிதான் வரும்; அதை நேரத்தால் ஈடுகட்டலாம்.

பத்துப் பாகைத் துருவம்

மவுண்டின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். இதைத் துருவ ஒழுங்கு என்போம். எல்லா வழிகாட்டிகளும் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து ஒழுங்கு செய்யச் சொல்கின்றன. நம் ஊரில் இது சொல்வதுபோல் எளிதல்ல. வானத் துருவம் அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது ஊரின் அட்சரேகையே: சென்னையில் 13 பாகை, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 10 பாகைக்குச் சற்றுக் குறைவு, கன்னியாகுமரியில் வெறும் 8. பத்துப் பாகை உயரத்திலிருந்து வரும் ஒளி, உச்சியிலிருந்து வருவதைப்போல் ஐந்தரை மடங்கு காற்றைக் கடந்து வருகிறது. இரண்டாம் ஒளித்தரத்து நட்சத்திரமான துருவன் அந்தத் தூசியிலும் ஈரத்திலும் மங்கிப்போகும். எதிரே ஒரு தென்னந்தோப்போ மாடி வீடோ இருந்தால் அதுவும் இல்லை. ஆகவே இடம் தேடும்போதே வடக்குத் திசை தாழத் திறந்திருக்கிறதா என்று பகலில் பார்த்து வையுங்கள்.

துருவன் தெரிந்தால் வேலை பாதி முடிந்தது. கைபேசித் திசைகாட்டியை வைத்து மவுண்டை வடக்கே நிறுத்துங்கள். தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் வேறுபாடு 2 பாகைக்குள்தான். ஆனால் மவுண்டின் இரும்புக்குப் பக்கத்தில் கைபேசியைப் பிடித்தால் அது எதையாவது காட்டும், தள்ளி நின்று பாருங்கள். சாய்வை உங்கள் அட்சரேகைக்கு வையுங்கள். டிரைபாடை நீர்மட்டத்தில் சமப்படுத்துங்கள். மவுண்டின் அச்சில் பொருத்தியுள்ள சிறிய துருவத் தொலைநோக்கி வழியே துருவனைக் கண்டதும், அதில் பொறித்துள்ள வட்டத்தில் துருவன் அந்த நேரத்துக்கு எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று செயலியில் பார்த்து அங்கே கொண்டுவையுங்கள். துருவன் சரியாகத் துருவத்தில் இல்லை, 0.6 பாகைக்குச் சற்று அதிகமாகத் தள்ளியிருக்கிறது. அதையே துருவமாகக் கொண்டு மவுண்டை நிறுத்திவிட்டால் நட்சத்திரம் நிமிடத்துக்குப் பத்து விகலை வரை நழுவும். 50 மி.மீ. லென்ஸில் ஒரு நிமிட எக்ஸ்போஷருக்கு அது தெரியாது. 135-இல் தெரியும்.

எவ்வளவு துல்லியம் போதும்? கணக்கு எளிது. ஒழுங்கில் ஒரு கலை பிழை இருந்தால் நழுவல் நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.26 விகலை. பத்துக் கலை பிழையோடு 135 மி.மீ. லென்ஸில் இரண்டு நிமிடம் எடுத்தால் ஐந்து விகலைதான் நழுவும். அது ஒரு பிக்சலுக்கும் குறைவு. அதே பிழையோடு 400 மி.மீ.-இல் எடுத்தால் இரண்டரை பிக்சலுக்கு மேல் போய்விடும். பத்துப் பாகை உயரத்தில் காற்றின் ஒளிவிலகலே துருவனை ஏறத்தாழ ஐந்து கலை தூக்கிக் காட்டுகிறது. குறுகிய லென்ஸோடு தொடங்குங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை.

துருவன் தெரியாத இடத்தில் நழுவல் முறை கைகொடுக்கும். தெற்கு நோக்கி, உச்சிக்கோட்டை (வடக்கிலிருந்து தலைக்கு நேர்மேலாகத் தெற்குக்குச் செல்லும் கோடு) ஒட்டி, வான நடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஒரு நட்சத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரியனின் இடைப்பட்டை இதற்கென்றே அமைந்தது போன்றது. மவுண்ட் ஓடட்டும், சில நிமிடம் லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். நட்சத்திரம் தெற்கே நழுவினால் அச்சு துருவத்துக்குக் கிழக்கே பார்க்கிறது, மேற்கே திருப்புங்கள். வடக்கே நழுவினால் கிழக்கே திருப்புங்கள். இது சரியானதும் கிழக்கில் தாழ இருக்கும் நட்சத்திரத்துக்கு மாறுங்கள். அது தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, உயர்த்துங்கள். வடக்கே நழுவினால் இறக்குங்கள். பழகிவிட்டால் அரை மணி நேரத்தில் முடியும். மடிக்கணினி உள்ளவர்கள் நினா, ஷார்ப்கேப் போன்ற மென்பொருள்களைப் பயன்படுத்தலாம். அவை வானத்தைப் படமெடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று எண்ணாகவே சொல்லிவிடும். நினாவின் மும்முனை முறைக்குத் துருவன் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஒழுங்கு முடிந்த பிறகு டிரைபாடில் கை படக்கூடாது. மணலில் நிறுத்தினால் கால்களுக்கடியில் பலகை வையுங்கள். மொட்டை மாடியில் எடுப்பவர்கள் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் மாடியில் நடக்காமல் இருப்பது நல்லது.

ஃபோகஸ்

லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். தானியங்கி ஃபோகஸை அணைத்துவிட்டு, சிரியஸ் போன்ற பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி, புள்ளி மிகச் சிறிதாகும் இடம் வரை வளையத்தை நகர்த்துங்கள். பாவெல் பாட்டினோவ் என்ற ரஷ்ய ஆர்வலர் வடிவமைத்த பாட்டினோவ் மாஸ்க்கை லென்ஸ் முன் மாட்டினால் நட்சத்திரத்திலிருந்து மூன்று கோடுகள் கிளம்பும். நடுக்கோடு மற்ற இரண்டுக்கும் சரிநடுவில் வந்தால் ஃபோகஸ் சரி. வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள். இரவு குளிரக் குளிர ஃபோகஸ் விலகும் என்பதால் மணிக்கொருமுறை மீண்டும் பாருங்கள். தை, மாசிப் பனியில் லென்ஸ் கண்ணாடி நனைந்துபோவதும் இயல்பு. பவர் பேங்கில் ஓடும் சூடாக்கும் பட்டையை லென்ஸைச் சுற்றிக் கட்டிவிட்டால் அந்தக் கவலை இல்லை. இதைத் துணைக்கருவி என்று ஒதுக்காதீர்கள். டிராக்கருக்கு அடுத்து வாங்க வேண்டியது இதுதான்.

முதல் இலக்கு: ஓரியன் நெபுலா

எம்42 என்ற ஓரியன் நெபுலாவையே முதலில் எடுங்கள். சுமார் 1,340 ஒளியாண்டு தொலைவில் இருந்தாலும் வானத்தில் முழுநிலவைப்போல் இரண்டு மடங்கு அகலம் கொண்டது. திருவாதிரை நட்சத்திரத்துக்குக் கீழே, மூன்று நட்சத்திர இடைப்பட்டையிலிருந்து தொங்கும் வாளின் நடுவில், வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரியும். நம் ஊரில் அது தெற்கே 75 பாகை வரை ஏறுவதால் தெளிந்த காற்றின் வழியே பார்க்கிறோம். லண்டன்காரருக்கு அது 33 பாகையைத் தாண்டுவதில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரி நடுவில் இரவு பத்து மணியளவில் உச்சிக்கோட்டைக் கடக்கும், பிப்ரவரி நடுவில் எட்டு மணிக்கே. அமாவாசையை ஒட்டிய வாரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

கேமராவில் மேனுவல் மோட், ரா கோப்பு, ஐஎஸ்ஓ 800 அல்லது 1600, வெள்ளைச் சமன் பகல் ஒளிக்கு. லென்ஸை முழுதாகத் திறக்காமல் ஒரு படி குறைத்து எஃப் 2.8-இல் வைத்தால் ஓரத்து நட்சத்திரங்களும் கூராக வரும். பட நிலைப்படுத்தியை அணையுங்கள். நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பையும் கட்டாயம் அணையுங்கள். அது இயங்கினால் ஒவ்வொரு படத்துக்கும் அதே அளவு நேரத்தைக் கேமரா மூடிய ஷட்டரோடு செலவழிக்கும், இரவில் பாதி வீணாகும். முதலில் 30 விநாடியில் ஒரு படம் எடுத்து நட்சத்திரங்கள் வட்டமாக இருக்கின்றனவா என்று பெரிதாக்கிப் பாருங்கள். வட்டமாக இருந்தால் 60, பிறகு 90. ஹிஸ்டோகிராமின் மேடு இடது ஓரத்திலிருந்து கால் முதல் மூன்றில் ஒரு பங்கு தள்ளி நின்றால் போதும். நகரத்து மாடியில் வானமே வெளிச்சமாக இருப்பதால் 20 விநாடியிலேயே மேடு அங்கே வந்துவிடும். அதற்கு மேல் திறந்து வைப்பதால் பயன் இல்லை.

இன்டர்வலோமீட்டரில் 60 விநாடிப் படங்கள் அறுபது என்று அமையுங்கள். ஒரே மணி நேரம்தான், ஆனால் அந்த மணி நேரத்தை முழுதாக எடுங்கள். படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும்போது இரைச்சல், படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் குறையும்: நான்கு படம் சேர்ந்தால் இரைச்சல் பாதி, பதினாறு சேர்ந்தால் கால். பத்துப் பொருள்களைப் பத்து நிமிடம் வீதம் எடுத்துவிட்டு எதுவும் சரியாக வரவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் இருத்த வேண்டும். பத்துப் படத்துக்கு ஒருமுறை கேமராவைச் சில பிக்சல் அளவுக்கு மட்டும் நகர்த்திவிடுங்கள். சென்சாரின் நிலையான புள்ளிகள் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க இது உதவும். நெபுலாவின் மையத்தில் டிரபீசியம் என்ற நட்சத்திரக் கூட்டம் மிகப் பிரகாசமானது. அறுபது விநாடியில் அது வெளுத்துப்போகும். ஐந்து விநாடிப் படங்கள் இருபது தனியாக எடுத்துவைத்தால் பின்னர் மையத்தை அவற்றிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம்.

அதே இரவில், லென்ஸை மூடி, அதே ஐஎஸ்ஓவிலும் அதே நேரத்திலும் இருபது டார்க் படங்கள் எடுங்கள். சென்சாரின் வெப்ப இரைச்சல் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் கூடும்போது இரட்டிப்பாகும். இரவிலும் அதிகம் குளிராத நம் சமவெளியில் டார்க் படங்களைத் தவிர்க்கவே கூடாது. ஃபோகஸைக் கலைக்காமல், வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து லென்ஸின்மேல் இழுத்துக் கட்டி, விடியற்காலை வானத்தை நோக்கி இருபது ஃபிளாட் படங்களும் எடுங்கள். ஓர இருட்டையும் தூசிப் பொட்டுகளையும் இவை நீக்கும்.

அடுக்கும் வேலைக்கு டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் இரண்டும் இலவசம். நான் சிரிலைப் பரிந்துரைக்கிறேன்: அடுக்குதல், பின்னணி வெளிச்சத்தைக் கழித்தல், நிறத்தைச் சரிசெய்தல், மங்கிய பகுதிகளை மேலே கொண்டுவருதல் எல்லாவற்றையும் அதிலேயே முடிக்கலாம். இதன் படிநிலைகளுக்கு எட்டாம் அத்தியாயம் முழுவதும் ஒதுக்கப்பட்டுள்ளது.

இடமும் அடுத்த இலக்குகளும்

இருண்ட வானம் எந்தக் கருவியையும்விட மதிப்புள்ளது. 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி ஜவ்வாது மலையில் காவலூரில் நிற்பது காரணமில்லாமல் அல்ல. ஆனால் காப்புக் காட்டுக்குள் இரவில் அனுமதியின்றி நுழையாதீர்கள். மலையடிவாரக் கிராமத்தில் தெரிந்தவர் வயலோ பள்ளி மைதானமோ போதும். ஊர்ப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், தனியாகப் போகாதீர்கள், கணுக்காலை மறைக்கும் காலணியும் சிவப்பு விளக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை எல்இடி தெருவிளக்குகள் எல்லா நிறத்திலும் ஒளிர்வதால், ஒளிமாசு வடிகட்டிகளில் பணம் போடுவதைவிட அதே பணத்தில் இரண்டு முறை வெளியூர் போய்வருவது மேல்.

ஓரியனுக்குப் பிறகு கார்த்திகைக் கூட்டம், அதைச் சுற்றியுள்ள நீலத் தூசிப் படலத்துக்காக. ஏப்ரலில் ஒமேகா சென்டாரி. இந்த மாபெரும் நட்சத்திரக் கொத்து லண்டனில் அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. மதுரையில் 32 பாகை ஏறும். மார்ச், ஏப்ரலில் கரீனா நெபுலா தெற்கே 20 பாகை உயரத்தில் தெரியும். தென் அடிவானம் திறந்த இடம் வேண்டும். அக்டோபர், நவம்பரில் மழை இடைவெளி கிடைத்தால் மூன்று பாகை நீளமுள்ள ஆன்ட்ரோமெடா. ரோசெட் போன்ற செந்நிற நெபுலாக்களைத் தள்ளிப்போடுங்கள். அவை ஒளிரும் 656.3 நானோமீட்டர் ஒளியில் பெரும்பகுதியைச் சாதாரணக் கேமராவின் உள்வடிகட்டி தடுத்துவிடுகிறது.

முதல் இரவின் படம் எப்படி வந்திருந்தாலும் ரா கோப்புகளை அழித்துவிடாதீர்கள். எந்த லென்ஸ், எந்தச் சட்டகம் என்று குறித்துவையுங்கள். அடுத்த அமாவாசைக்கு அதே ஓரியனை இன்னும் இரண்டு மணி நேரம் எடுத்து, பழைய அறுபது படங்களோடு சேர்த்து அடுக்குங்கள்.